பெட்ரோலின் பொறுமை

கோயமுத்தூரில் "கரி" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய பாட்டனார் வீட்டில் இருந்தால் அவருக்கு யுத்த காலத்துப் பஸ் ஞாபகத்துக்கு வரும். பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்ஸின் முதுகிலே நெட்டையாக ஓர் இரும்பு உருளை. அதற்குள் அடுப்புக்கரி கனன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து வரும் வாயுவைக் குடித்துத்தான் எஞ்சின் ஓடிற்று. ஓடிற்று என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் மூச்சு வாங்கும்.

அதே வீட்டுப் பேரனிடம் "கரி" என்று சொன்னால் அவனுக்குச் செட்டிபாளையம் நினைவுக்கு வரும். அங்கே 2003-ம் வருஷம் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தளத்துக்கு அந்தப் பெயர் வந்தது கரிவர்தன் என்பவரால். லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. நூற்பாலை வேலையோடு நிற்காமல், மாருதி 800 காரின் சின்னஞ்சிறு எஞ்சினை வைத்து "ஃபார்முலா மாருதி" என்ற பந்தயக் காரை உருவாக்கி, பெரிய பணக்காரர் அல்லாதவர்களும் பந்தயத்தில் இறங்க வழி பண்ணியவர். 1995-ல் சிறு விமான விபத்தில் காலமானார். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்று பெயர் வாங்கிய நம்மூர் நாராயண் கார்த்திகேயனும் ஆதியில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

பாட்டனாரின் கரிக்கும் பேரனின் கரிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே: எஞ்சினுக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது?

பம்பு செட்டும் மோட்டாரும் வார்ப்படமும் தொழிலாகக் கொண்ட ஊர் இது. காரை வாங்கினால் வாங்கியபடி விட்டு வைக்க இங்கே பலருக்கும் மனசு வராது. டர்போ வைத்த காரை வாங்கி, அதன் கம்ப்யூட்டர் மூளையைத் திருத்தி எழுதி, இன்னும் ஐம்பது குதிரைகளை உள்ளே கட்டிவிட வேண்டும் என்ற ஆசை இளைஞர்களுக்கு இருக்கிறது. குதிரைகளைக் கட்டியாயிற்று, தீனி? அங்கேதான் "ஆக்டேன்" என்ற வார்த்தை வருகிறது. அதைப் பற்றி நம் ஊரில் உலவும் கட்டுக்கதைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு தொடர்கதையே எழுதலாம்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப் என்று வைத்துக்கொள்வோம். கார்க்காரத் தம்பி கேட்கிறார்:

"ஏனுங்கண்ணா, நூறு ஆக்டேன் ஊத்துனா வண்டி இன்னும் பறக்குமுங்களா?"

கைக்கரியைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் சொல்கிறார்:

"பறக்காதுங்க தம்பி. பறக்கறதுக்கு அது பர்மிட்டுத்தான் குடுக்கும். வண்டிய ஓட்டறது நீங்கதானுங்க."

கற்பனை மெக்கானிக்தான். ஆனாலும் அவர் சொன்ன வார்த்தை ரஸாயனப் புத்தகத்திலே ஓர் அத்தியாயத்துக்குச் சமானம்.

பந்தியும் பரபரப்பும்

ஒரு கல்யாணப் பந்தியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமான வரிசை. பரிமாறுகிறவர் ஒரு கோடியில் ஆரம்பித்து வரிசையாக வருகிறார். கடைசி இலையில் இருப்பவர்கள் தங்கள் முறை வரும்வரை பொறுமையாக இருந்தால் பந்தி அழகாக நடக்கும். பின்னால் இருப்பவர்கள் பசி பொறுக்காமல் எழுந்து தாங்களே அண்டாவை இழுத்தால்? சாம்பார் யார் தலையில் கொட்டும் என்று சொல்ல முடியாது.

எஞ்சினுக்குள்ளும் இதேதான். ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கிறது. அங்கிருந்து தீ வரிசையாகப் பரவி மறு கோடிக்குப் போக வேண்டும். அப்படிப் பரவினால் பிஸ்டனை ஒரு பெரிய கை சீராகத் தள்ளுவது போல் இருக்கும். ஆனால் தீ பரவும்போது, இன்னும் எரியாத கடைசி மூலைக் கலவை நசுங்குகிறது. நசுங்க நசுங்கக் கொதிக்கிறது. தீ வந்து சேருமுன் அது தானாகவே பற்றிக்கொண்டால் சுத்தியலால் அடித்த மாதிரி ஓர் அடி. இதைத்தான் "நாக்கிங்" என்கிறார்கள். வெளியே கேட்டால் டிக்கு டிக்கு என்று கோலிக்குண்டு குலுக்குகிற சத்தம்.

சத்தத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை. பிஸ்டன் அலுமினியம். அலுமினியம் உருகுவதற்கு 660 டிகிரி போதும். மேலே எரிகிற தீயோ 2000 டிகிரியைத் தாண்டியது. அப்படியும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று, அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் போர்வை. நாக்கிங் அடி அந்தப் போர்வையைக் கிழித்துவிடுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 50 முறை தீ மூட்டப்படுகிறது. பத்து விநாடி கவனிக்காமல் மிதித்தால் 500 அடி. பிஸ்டனில் ஓட்டை விழுந்தது என்று ஒர்க் ஷாப்பில் சொல்கிறார்களே, அது இப்படித்தான்.

ஆக்டேன் எண் என்பது இந்தக் கடைசிப் பந்தியின் பொறுமையை அளக்கும் எண். எண் அதிகமானால் பெட்ரோல் அதிகம் நசுக்கையும் சூட்டையும் தாங்கி, தன் முறை வரும்வரை காத்திருக்கும். அதற்குள்ளே அதிக சக்தி ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. இதை நம்ப மறுப்பவர்களுக்குக் கீழே சாராய உதாரணம் ஒன்று வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இந்த அளவுகோலை 1926-வாக்கில் அமெரிக்காவில் எதில் நிறுவனத்தைச் சேர்ந்த கிரஹாம் எட்கர் என்ற ரஸாயன நிபுணர் வகுத்தார். மிகப் பொறுமைசாலியான ஐஸோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 மார்க். மகா அவசரக்காரனான ஹெப்டேனுக்குப் பூஜ்யம். அந்த ஹெப்டேன் முதலில் கிடைத்தது எதிலிருந்து தெரியுமா? கலிபோர்னியாவில் வளரும் ஒரு ஜாதிப் பைன் மரத்தின் பிசினிலிருந்து! ஒரு பெட்ரோலைச் சோதனை எஞ்சினில் ஓட்டி, அது எந்த விகிதத்தில் கலந்த இந்த இரண்டு திரவங்களைப் போல் நடந்துகொள்கிறது என்று பார்க்கிறார்கள். 95 என்றால், 95 பங்கு பொறுமைசாலியும் 5 பங்கு அவசரக்காரனும் சேர்ந்த கலவைக்கு ஈடு என்று அர்த்தம்.

இதிலும் இரண்டு பரீட்சை உண்டு. "ஆர்.ஓ.என்." என்பது நிமிஷத்துக்கு 600 சுற்றில் நடக்கும் சாதாரணப் பரீட்சை. "எம்.ஓ.என்." என்பது 900 சுற்றில், கலவையைச் சுமார் 149 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு நடத்தும் கடினப் பரீட்சை; அதில் மார்க் குறைவாகத்தான் வரும். நம் நாட்டுப் பங்குகளில் சொல்லும் எண் முதல் வகை. அமெரிக்கப் பங்குகளில் எழுதியிருப்பதோ இரண்டின் சராசரி. ஆகவே அமெரிக்க மாப்பிள்ளை "எங்கள் ஊரில் 93 போட்டுத்தான் ஓட்டுகிறேன்" என்று சொன்னால், அது நம் கணக்குக்கு ஏறக்குறைய 98. இந்த வித்தியாசம் தெரியாமல், அங்கே 93-க்கு எழுதிய டியூனிங்கை இங்கே ஏற்றிக்கொண்டு 91 ஊற்றி ஓட்டினால் செலவு யாருக்கு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

டர்போவின் பசி

டர்போ என்பது புகைக்குழாயில் வீணாகப் போகும் வேகத்தைக் கொண்டு ஒரு விசிறியைச் சுழற்றி, அதனால் இன்னொரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் யந்திரம். ஸ்விட்ஜர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூச்சி இதற்கு 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம், சக்தி கூடும்.

சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? காற்றை அமுக்கினால் உஷ்ணம் ஏறும். சித்திரை வெயிலில் 35 டிகிரியில் இருக்கும் காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் நூறு டிகிரியைத் தாண்டிவிடும். அதைக் குளிர வைக்க "இன்டர்கூலர்" என்ற ரேடியேட்டர் இருக்கிறது. எவ்வளவு குளிர வைத்தாலும் சிலிண்டருக்குள் நெரிசல் நெரிசல்தான். பந்தியில் இருநூறு பேருக்குப் போட்ட இலையில் நானூறு பேரை உட்கார வைத்த மாதிரி. கடைசி வரிசையின் பொறுமைக்குச் சோதனை இங்கேதான் வருகிறது. டியூனிங் செய்பவர் பூஸ்டைக் கூட்டுகிறார். பொறி விழும் நேரத்தையும் சற்று முன்னால் தள்ளுகிறார். இரண்டும் சக்தியைக் கூட்டும். இரண்டும் நாக்கிங்கை அழைக்கும்.

ஊட்டி மலை ஏறும்போது ஒரு வேடிக்கை பாருங்கள். கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 411 மீட்டர். ஊட்டி 2240 மீட்டர். மேலே காற்று மெலிவதால் சாதாரண எஞ்சினுக்குள் நெரிசல் குறைகிறது. குறைந்த ஆக்டேனிலேயே சமாளித்துவிடும். டர்போவோ மெலிந்த காற்றையும் விடாமல், முன்னைவிட வேகமாகச் சுழன்று அதே அழுத்தத்துக்குத் திணிக்கப் பார்க்கிறது. காற்று இன்னும் சூடாகிறது. கல்லாறு தாண்டி பர்லியாறு கொண்டையூசி வளைவுகளில் பக்கத்து வீட்டுப் பழைய கார் சாதுவாக ஏற, டியூன் செய்த டர்போ டிக்கு டிக்கு என்று முனகினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

"பர்மிட்" என்று அந்த மெக்கானிக் சொன்னாரே, அதற்குச் சரித்திரத்தில் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 1940-ல் பிரிட்டனின் வானத்தில் நடந்த யுத்தம். ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த மெர்லின் எஞ்சினுக்கும் காற்றைத் திணிக்கும் கருவி உண்டு. அது டர்போ அல்ல, எஞ்சினே சுழற்றும் சூப்பர்சார்ஜர். பழைய 87 ஆக்டேன் பெட்ரோலில் அதன் பூஸ்ட் சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டு வரைதான். அமெரிக்காவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் 100 ஆக்டேன் வந்தது. அபாய வேளையில் பன்னிரண்டு பவுண்டு வரை போகலாம் என்று அனுமதி கிடைத்தது. பூஸ்டை ஆறேகாலிலேயே வைத்துக்கொண்டு 100 ஆக்டேனை ஊற்றியிருந்தால் பயன் ஒன்றுமில்லை. பைலட் லிவரைத் தள்ளினார், எஞ்சின் தாங்கிற்று. அதுதான் பெட்ரோல் செய்த உதவி.

இன்னொரு சாட்சி 1988. மக்லாரன் காரில் ஹோண்டா கம்பெனியின் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின். அந்த வருஷத்து 16 பந்தயங்களில் 15-ல் அந்தக் கார்தான் ஜயித்தது. அதற்கு ஊற்றியது என்ன? 84 சதவீதம் டொலுயீன், 16 சதவீதம் ஹெப்டேன்! டொலுயீன் என்பது பெயிண்ட்டைக் கரைக்கும் சரக்கு, பொறுமையில் மகான். ஆனால் சட்டப்படி ஆக்டேன் எண் 102-ஐத் தாண்டக் கூடாது. அதனால், பூஜ்ய மார்க் வாங்கிய அதே ஹெப்டேனை வேண்டுமென்றே கலந்து எண்ணைக் கீழே இறக்கினார்கள். டொலுயீன் சுலபமாக ஆவியாகாது என்பதால் எரிபொருளைச் சுட வைத்தே எஞ்சினுக்கு அனுப்பினார்கள். உலகத்தில் பெரிய பந்தயக்காரர்களே சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெட்ரோல் டின்னைத் திறக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பங்கில் என்ன கிடைக்கிறது?

நம் நாட்டில் சாதாரணப் பெட்ரோலுக்கு ரொம்ப நாளாக இருந்த எண் 91. இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலுக்கு 95 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் விளக்கம் சொல்லியிருக்கிறது. அதற்கு மேலே விசேஷ ரகங்கள். இந்தியன் ஆயில் 2020 டிசம்பர் 1-ந் தேதி "எக்ஸ்.பி. 100" என்ற நூறு ஆக்டேன் பெட்ரோலை மதுரா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கொண்டுவந்தது. டில்லியில் அன்றைக்கு லிட்டர் 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோல் 82 ரூபாய்ச் சொச்சம். பாரத் பெட்ரோலியம் "ஸ்பீடு 97" என்றும், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் "பவர் 99" என்றும் விற்றிருக்கின்றன. இந்த ரகங்கள் எல்லா ஊரிலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. டியூனிங் செய்யும் முன்னாலேயே, நீங்கள் வழக்கமாகப் போகும் பங்கில் எது நிரந்தரமாகக் கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்வது உத்தமம். மாதம் ஒரு முறை பெங்களூருக்குப் போய் நிரப்பி வருகிற பெட்ரோலுக்காக எஞ்சினைத் திருத்துவது, வெளியூர் மாமியாரின் சமையலை நம்பி வீட்டு அடுப்பை விற்ற கதைதான்.

இனி, யாருக்கு எது?

திருத்தம் எதுவும் செய்யாத சாதாரணக் கார், டர்போ இல்லாதது, கையேட்டில் 91 போதும் என்று போட்டிருக்கிறது என்றால் 100 ஆக்டேன் ஊற்றுவது தர்மத்தில் சேர்த்தி. புண்ணியம் எண்ணெய்க் கம்பெனிக்கு. திருத்தாத டர்போ காரில் ஓரளவு பலன் தெரியலாம். காரணம், இந்தக் கார்களில் நாக்கிங்கைக் கேட்பதற்கென்றே ஒரு காது, "நாக் சென்சார்", வைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் கம்ப்யூட்டர் பொறியின் நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காப்பாற்றும். சக்தி சற்றுக் குறையும். நல்ல பெட்ரோல் கிடைத்தால் பழைய நேரத்துக்குத் திரும்பும். அவ்வளவுதான், கம்பெனி நிர்ணயித்ததற்கு மேலே போகாது.

திருத்திய டர்போ காருக்கு ஒரே விதிதான் இருக்கிறது. டியூனிங் எந்தப் பெட்ரோலுக்காக எழுதப்பட்டதோ அந்தப் பெட்ரோல். அதற்குக் குறைந்தது கூடாது. கூடியதால் லாபமும் இல்லை. "நாக் சென்சார் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. சென்சார் ஓர் எல்லை வரைதான் பின்வாங்கும்; அந்த எல்லையைத் தாண்டிப் பூஸ்டைக் கூட்டியவருக்கு அது என்ன செய்யும்? கம்ப்யூட்டர் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று பதிவு செய்து பார்க்க இன்று சின்னக் கருவிகள் வந்துவிட்டன. எந்தப் பெட்ரோல் போதும் என்ற கேள்விக்கு நண்பர் சொல்வதைவிட அந்தப் பதிவு சொல்வது மேல்.

டாங்கியில் ஏற்கெனவே இருப்பதையும் மறக்கக் கூடாது. பாதி டாங்கி 95 இருக்க, மேலே 100 நிரப்பினால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 97½. நூறு என்று நினைத்து மிதிக்கிறவர் இரண்டரை எண் கடனில் ஓடுகிறார்.

புட்டியும் அந்துருண்டையும்

கட்டுக்கதைகளுக்கு வருவோம். ஸ்கூட்டர் காலத்தில் பெட்ரோல் டாங்கியில் அந்துருண்டை போடுகிற வைத்தியம் ஒன்று இருந்தது. புடவைப் பெட்டியிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு உருண்டை! நாஃப்தலீனுக்கு ஆக்டேனை ஏற்றும் குணம் கொஞ்சம் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் இன்றைக்கு விற்கும் உருண்டைகளில் பல, குளோரின் சேர்ந்த வேறு சரக்கு. அது எரிந்தால் அமிலம் பிறக்கும். எஞ்சினைவிடப் புடவைக்கே அது நல்லது.

ஆக்டேனை ஏற்றும் என்று சிறு புட்டிகள் விற்கிறார்கள். "பத்துப் பாயிண்ட் ஏறும்" என்று எழுதியிருந்தால், பாயிண்ட் என்பது பல கம்பெனிகளின் பாஷையில் ஓர் எண்ணின் பத்தில் ஒரு பங்கு. 91 பெட்ரோல் 101 ஆகாது, 92 ஆகும்.

ஹோண்டாக்காரன் டொலுயீன் ஊற்றினான் என்று கேள்விப்பட்டு ஹார்டுவேர் கடையில் தின்னர் வாங்கிக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். கடைத் தின்னரில் டொலுயீன் மட்டும் இல்லை. ரப்பரையும் பெயிண்ட்டையும் கரைக்கும் பல சரக்குகள் சேர்ந்திருக்கும். அதன் ஆவி மூளையைத் தாக்கும். மூடிய ஷெட்டில் நின்று கலக்க வேண்டிய வஸ்து அல்ல.

எல்லாவற்றிலும் அபாயமானது "ஏரோப்ளேன் பெட்ரோல்". பீளமேடு விமான நிலையத்திலும் சூலூரிலும் வந்திறங்கும் ஜெட் விமானங்கள் குடிப்பது பெட்ரோலே அல்ல. சுத்தமான மண்ணெண்ணெய்க்கு உறவு. அதை டர்போ காரில் கலந்தால் ஆக்டேன் பாதாளத்துக்குப் போகும். பழைய நாளில் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து விற்ற பங்குகளில் நிரப்பியவர்களின் எஞ்சின் ஏன் முனகியது என்று இப்போது புரிகிறதல்லவா? பயிற்சி விமானங்களுக்கான உண்மையான 100 ஆக்டேன் பெட்ரோல் வேறு. அதில் ஈயம் உண்டு. 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த ஈய மருந்து நாக்கிங்கை அடக்கியது. கூடவே உலகமெங்கும் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. நம் நாட்டில் கார்ப் பெட்ரோலிலிருந்து 2000-ம் வருஷம் அதை விரட்டினார்கள். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் விரட்டியது. ஈயப் பெட்ரோல் இன்றைய காரின் ஆக்ஸிஜன் சென்சாரையும், புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரையும் பாழாக்கிவிடும். வெளிநாட்டிலிருந்து டின்னில் வரும் பந்தயப் பெட்ரோல்களிலும் ஈயம் கலந்த ரகங்கள் உண்டு. டின்னின் மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். ஆக்ஸிஜன் சேர்ந்த ரகங்களும் உண்டு. அவற்றுக்கு அதிகப் பெட்ரோல் ஊட்ட வேண்டும். பழைய டியூனிங்கிலேயே ஊற்றினால் எண் பெரிதாக இருந்தும் எஞ்சின் வறண்டு எரியும்.

கரும்புத் தோட்டத்து ஆக்டேன்

சாராய உதாரணம் என்றோமே, அது நம் வாசலிலேயே இருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108. பந்தயப் பெட்ரோலுக்குப் பறப்பவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அதிலும் ஒரு விசேஷம். டாக்டர் ஊசி போடுமுன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே குணந்தான். ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் உஷ்ணத்தை உறிஞ்சும். டர்போவின் சூடான காற்றை உள்ளேயே குளிர வைத்துவிடும்.

ஆனால் சக்தி? லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்குதான் உஷ்ணச் சக்தி இருக்கிறது. எண் பெரிது, சக்தி குறைவு! ஆக்டேனும் சக்தியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனாலை ஏராளமாக ஊற்ற வேண்டும். பெரிய இன்ஜெக்டர், பெரிய பெட்ரோல் பம்பு, புதிய டியூனிங், அதைத் தாங்கும் ரப்பர்க் குழாய் எல்லாம் வேண்டும். அத்தனையும் செய்தவருக்கு அது நிறையப் பூஸ்டுக்கு இடம் கொடுக்கும். எதுவும் செய்யாமல் ஊற்றியவருக்கு வறண்ட எஞ்சின்தான் மிச்சம்.

இந்தச் சரக்கின் மூலம் எங்கே என்று பாருங்கள். 1912-ல் கோயமுத்தூரில் ஒரு கரும்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே பார்பரும் வெங்கட்ராமனும் பருத்த கரும்பைக் காட்டு நாணல் இனத்தோடு சேர்த்து, 1918-ல் "கோ 205" என்ற ரகத்தை வெளியிட்டார்கள். வட இந்தியக் கரும்புக் காடுகளின் முகமே மாறியது. "கோ" என்பது கோயமுத்தூரின் முதல் எழுத்து. இன்று நாடெங்கும் சர்க்கரை ஆலைகளிலிருந்து எத்தனாலாகப் பெட்ரோலில் சேர்வதில் "கோ" வம்சத்துக் கரும்பின் சாறு எவ்வளவோ! கரும்பு மட்டுமல்ல, மக்காச்சோளமும் அரிசியும்கூட இப்போது எத்தனாலாகின்றன. இந்தியன் ஆயில் 2024 மார்ச்சில் "எத்தனால் 100" என்ற எரிபொருளைத் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் அறிமுகம் செய்தது. அதில் சுமார் 93 சதவீதம் எத்தனால். அதற்கென்று செய்த வண்டிகளுக்கானது அது. மற்ற வண்டிக்காரர்கள் குழாயை மாற்றிப் பிடித்துவிடக் கூடாது. ஆலையிலிருந்து ஸ்பிரிட்டை டிரம்மில் வாங்கி வரலாமே என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: "ரேஸுக்குத்தானுங்க" என்று சொன்னால் மதுவிலக்குப் போலீஸார் நம்பமாட்டார்கள்.

பந்தயத்துக்கு முன்னால்

செட்டிபாளையத்தில் போட்டியிலே கலந்துகொள்கிறவருக்கு எந்தப் பெட்ரோல் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் விதிப் புத்தகத்திலேயே இருக்கும். இன்ன இடத்துப் பெட்ரோல்தான், வேறு எதுவும் கலக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தால் 100 ஆக்டேன் பேச்சுக்கே இடமில்லை. மாதிரி எடுத்துச் சோதித்தால் வெற்றியும் போய்விடும். திருத்திய காரைச் சாலையில் ஓட்டுவது இன்னொரு சங்கதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி நிர்ணயித்த அமைப்பை மாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதிக்கிறது. அவிநாசி சாலை மேம்பாலம் பந்தயத் தளமல்ல.

பெட்ரோலை வீட்டில் சேர்த்து வைப்பதிலும் சட்டம் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரும்பு டின்னானால் ஒரு டின் 25 லிட்டருக்குள். பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றிச் சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் வைக்கிற அசட்டுத் துணிச்சல் வேண்டவே வேண்டாம். திறந்த டின்னில் இருந்து லேசான பாகங்கள் ஆவியாகிவிடும். எத்தனால் கலந்ததானால் காற்றின் ஈரத்தையும் குடிக்கும். போன பங்குனிப் பந்தயத்தில் மிச்சமான டின்னை இந்த ஆவணியில் திறக்கிறவருக்கு, மேலே எழுதிய எண் உள்ளே இருக்கிறதா என்பது சந்தேகம்.

சரி, எல்லாம் சரியாகச் செய்தோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டத்தை முடித்து எஞ்சின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் க்ஷேமம். அதில் மிளகுத் தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகளோ, மினுமினுக்கும் வெள்ளிப் பொட்டுகளோ தெரிந்தால் அது நாக்கிங்கின் கைவேலை. மினுமினுப்பது பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்த அலுமினியம். அன்றைக்கு அடுத்த சுற்றுக்குப் போகாமல், பூஸ்டை இறக்கிவிட்டு வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.